அலுமாரியில் எதற்கு முதலிடம்?

எங்கள் வீட்டு இறுவட்டுகள் பிஸ்கட் டின்னிலும் டீவி மேசை லாச்சியிலும் கிடந்தன. பயான், கிறாஅத், நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல்கள், வாப்பா வாலிபத்தில் வாங்கிய படங்கள், கலியாண வீடியோக்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. எதைக் கேட்கலாம், எதைப் பார்க்கலாம் என்ற விவாதம் எங்கள் வீட்டிலும் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. எப்படி அடுக்குவது என்பதே என் பேச்சு.

டிசம்பர் விடுமுறையில் நானும் எல்லோரையும் போல வகை வகையாகத்தான் அடுக்கினேன். படங்களை எழுத்து வரிசையில் வைத்து, ஹனிபாவுக்கு ஒரு தனிப் பெட்டி கொடுத்து, உம்மாவிடம் பாராட்டும் வாங்கினேன். கடைசியில் டின்னின் அடியில் கிடந்தது சாச்சியின் கலியாண வட்டு, 2006. பெண்கள் நடுவில் மூத்தம்மா கவி படித்தது அதில்தான் இருந்தது. மூத்தம்மா இன்று இல்லை. வட்டைப் போட்டோம், சுழன்றது, நின்றது. மேற்பூச்சு கொப்பளித்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசித் துளைகள் தெரிந்தன. கடையில் கொடுத்தும் எடுக்க முடியவில்லை.

ஹனிபா 2015இல் காலமானார். அவர் குரல் தமிழ் பேசும் ஊர்களெல்லாம் இருக்கிறது. எங்கள் பெட்டி தொலைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மூத்தம்மாவின் குரல் அந்த ஒரே வட்டில்தான் இருந்தது. ஆகவே வகையும் எழுத்து வரிசையும் பிறகு. வேறெங்கும் கிடைக்காதது எது என்றுதான் முதலில் பிரிக்க வேண்டும். "எல்லாம் யூடியூபில இருக்கு" என்கிறான் தம்பி. சாச்சியின் கலியாணம் இல்லையே!

பிரிப்பது கஷ்டமில்லை. கம்பனியில் அச்சிட்ட வட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிந்ததில் பச்சை, நீலம், ஊதா என்று ஒரு சாயல் தெரியும். அந்தச் சாயப் படையில்தான் பதிவு இருக்கிறது. வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். நாம் கீழ்ப்பக்கக் கீறலுக்கே பயப்படுகிறோம். சீடியில் பதிவுப் படை இருப்பதோ எழுத்துப் பக்கத்து மெல்லிய பூச்சுக்குச் சற்றுக் கீழே. போல்பொயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே காயம்தான். பெயரை உறையில் எழுதுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். உறையோடு நிமிர்த்தி, அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். 2011 ஜனவரி வெள்ளம் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஆனால் வாவிக்கரை ஈரக் காற்றில் எந்த வட்டும் என்றென்றைக்கும் நிற்காது. பிரதி எடுத்தே ஆக வேண்டும். புது லெப்டொப்புகள் பலவற்றில் வட்டுப் போடும் இடமே இல்லை என்பதால் தாமதிக்கவும் முடியாது.

நம் வாவியின் பாடும் மீன்களின் ஒலியை லாங் அடிகளார் பதிவு செய்தார். இலங்கை வானொலி ஒலிபரப்பியது. மீனின் குரலுக்குக் கிடைத்த கவனம் கவி படித்த நம் மூத்தம்மாமாருக்கு ஏன் இல்லை? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நம் நாட்டுத் தமிழ் பேசும் மக்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. ஒலிப்பதிவுகளும் அதில் உண்டு. கலியாண வீடியோவை ஊருக்குக் காட்டச் சொல்லவில்லை. வீட்டார் சம்மதித்தால் கவியின் ஒலியை மட்டும் கொடுக்கலாமே.

எங்கள் வீட்டில் இப்படிப் பிரித்ததில் இருபது வட்டுகள் தேறின. வாப்பாவின் பழைய கணினியில் ஒன்பதைப் பிரதி எடுத்துவிட்டேன். "என்ட படமெல்லாம் எங்க புள்ள?" என்று நேற்று வாப்பா கேட்டார். பிஸ்கட் டின்னைக் காட்டினேன்.