‘மே’ என்றொரு சொல்

பள்ளி மணி ஒலித்துப் பத்து நிமிடம் கழிந்தபின் வகுப்பின் வாயிற்படியில் ஒரு மாணவன் வந்து நிற்பான். “மே ஐ கம் இன், சார்?” என்பான். உள்ளே வர அவனுக்கு உரிமை இல்லையா? உண்டு. ஆயினும் அந்தச் சொல்லை உதிர்த்த கணமே உரிமை இரவலாகிவிடுகிறது. வா என்பதும் போ என்பதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் விருப்பமாகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அது பூணும் வேடங்களோ பல! இசைவு கேட்கும், இசைவு தரும். மாலையில் மழை பெய்யக்கூடும் என ஐயம் காட்டும். மணமக்களை நீடூழி வாழ்க என வாழ்த்தும். ‘அவர் பெரும் பண்டிதராய் இருக்கலாம், ஆனால்...’ என்று ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும். முதலெழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு திங்களின் பெயராகித் தொழிலாளர் திருநாளையும் சுமந்து வரும். கட்டாயம் என்ற பொருளை மட்டும் எளிதில் தராது. நீதிமன்றம் சில வேளை அப்படியும் பொருள் உரைப்பதுண்டு. ஆனால் அதற்கு வழக்காட வேண்டியவர் யார்? பாதிக்கப்பட்டவர்!

நம் மொழியிலும் ‘லாம்’ இருக்கிறதே! ‘தருவேன்’ என்பதற்குப் பதில் ‘தரலாம்’ என்று கடன்பத்திரத்தில் எழுதித் தருபவனை நம்பி எந்த வட்டிக்கடைக்காரர் பெட்டியைத் திறப்பார்?

அத்தகைய சொல்லைத்தான் 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில், 3-ஆம் பிரிவில், எழுதி வைத்தனர் ஆளவந்தார்கள். அரசியல் சட்டத்தின் 343-ஆம் விதி முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும் என்றுரைத்தபோது ‘ஷல்’ என்ற கட்டளைச் சொல்லை ஆண்டது. அந்தக் காலக்கெடு 1965 சனவரி 26-இல் முடியும். அதன் பின்னர் இந்தியோடு ஆங்கிலமும் தொடர ‘மே’ என்றது புதுச் சட்டம். தொடரலாம்! தொடராமலும் போகலாம்! ‘ஷல்’ என்ற சொல்லை அறியாதவர்களா அதை எழுதினார்கள்?

இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இல் நாடாளுமன்றத்தில் உறுதி கூறியவர் நேரு. ‘ஷல்’ என்று எழுதுக எனக் கேட்டபோது, இவ்விடத்தில் ‘மே’ என்பதற்கும் அதே பொருள்தான் என்றனர். பொருள் ஒன்றே எனில் சொல்லை மாற்றுவதில் தடை என்ன? அண்ணா உள்ளிட்ட எதிர்ப்பாளர்களின் வினா இவ்வளவு எளியது. சொல் மாறவில்லை.

நேருவின் நேர்மையை நான் ஐயுறவில்லை. 1964-ஆம் ஆண்டு, அதே பெயர் கொண்ட திங்களின் 27-ஆம் நாள், அவர் மறைந்தார். அவர் சொன்ன பொருளுக்குச் சாட்சி சொல்ல அவர் இல்லை. ஏட்டில் எழுத்து மட்டும் இருந்தது. ‘பெரியவர் வாக்குக் கொடுத்துவிட்டாரே, போதாதா?’ என்றவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். முனிவர் வாக்குப் பொய்க்காது என்று கதை சொல்லும் காலட்சேபக்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு, தோழர்களே?

ஓர் ஆங்கிலத் துணைவினைக்காகவா இத்தனை கொந்தளிப்பு என்று கேலி பேசுவோர் இன்றும் உளர். நடுவணரசுத் தேர்வை எம்மொழியில் எழுதுவது, தில்லியிலிருந்து வரும் கடிதத்தை எம்மொழியில் படிப்பது என்பனவெல்லாம் அந்தத் துணைவினையில்தான் தொங்கின. அதை உணர்ந்தே 1965 சனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். சனவரி 27-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் இராசேந்திரன் காவலரின் குண்டுக்கு இரையானான். பிப்ரவரி 11-இல் சாஸ்திரியார் வானொலியில் பேசினார். நேருவின் உறுதிமொழியைக் காப்போம் என்றார். மீண்டும் வாய்மொழி!

எழுத்தில் காவல் வந்தது 1967-இல் நிறைவேறிய திருத்தத்தால். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி ஆங்கிலம் அகலாது; அம்மாநிலங்களோடு நடுவணரசு ஆங்கிலத்திலேயே கடிதம் எழுத வேண்டும். இவ்விரண்டும் ‘ஷல்’ என்ற சொல்லால் ஆனவை. பழைய ‘மே’ முதல் உட்பிரிவில் இன்றும் அப்படியே இருக்கிறது. வேண்டுவோர் எடுத்துப் பார்க்கலாம். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகளையும் உடன் பாருங்கள். தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் அவை செல்லும் என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள், ‘ஷல்’ இட்டு.