மீனவர் வீட்டுக் கணினிக்கு யார் காவல்?

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அதே மாவட்டத்தின் கடலோரத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய கூனங்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகள் வழியாகத்தான் கணினி வீட்டுக்குள் வந்தது. அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு, பிறகு சித்தப்பா வீட்டுக்கு என்று அது கைமாறும். கொடுத்ததோடு அரசின் வேலை முடிந்துபோனது. தொடக்க ஆண்டுகளில் அதில் இருந்த விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

பழைய மடிக்கணினி திணறத் தொடங்கினால் ஊர்க்காரர் சர்வீஸ் கடைக்குத்தான் போவார். கடைக்காரர் பென்டிரைவிலிருந்து விண்டோஸை ஏற்றுவார். உரிமம் கேட்டு வரும் அறிவிப்பை அடக்க ‘ஆக்டிவேட்டர்’ என்ற சின்ன நிரல் ஒன்றை ஓட்டுவார். அந்த நிரலோடு வரும் குறிப்பைப் படித்துப் பாருங்கள்: முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்ய வேண்டும், பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்ட வேண்டும். காவலை விலக்கி, வீட்டின் மொத்தச் சாவிக்கொத்தையும் கொடுத்தபின் உள்ளே வருவது என்னவென்று கடைக்காரருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. இத்தனைக்கும், தொடக்கத்தில் தந்த மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்ந்தே இருந்தது. உரிமக் கட்டணமில்லாத அதைப் பழக்கிவிட யாரும் மெனக்கெடவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இப்படி உள்ளே வரும் தீநிரல் வகைக்கு ட்ரோஜன் என்று பெயர். அது தானாகப் பரவுவதில்லை. வேண்டிய பொருளின் வேடத்தில் வந்து, நம் கையாலேயே தன்னைத் திறக்க வைக்கிறது. அதில் பின்வாசல் வகை உள்ளே உட்கார்ந்ததும், எங்கோ இருக்கும் ஒரு சர்வரோடு தானே தொடர்புகொள்ளும். வெளியிலிருந்து வருவதை மறிக்கும் ஃபயர்வால், உள்ளிருந்து கிளம்பும் இணைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதன்பின் தட்டச்சு செய்வது, திரையில் தெரிவது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் போகும். ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் கணக்கின் குக்கீயைத் தூக்கிவிட்டால், அந்தக் கணக்குக்குள் நுழையப் பலநேரம் ஓடிபிகூடத் தேவைப்படாது. கணினியோ எப்போதும்போல ஓடிக்கொண்டிருக்கும்.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வது என்று நினைப்பவர்கள் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். அதை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் கணினி அமைப்பில் தீநிரல் இருப்பதை, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்று தெரிவித்தது. அக்டோபர் 29 அன்று நிலைய நிர்வாகம் அப்படி எதுவும் இல்லை என்றது. மறுநாளே கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. ஆய்வாளர்கள் அதை டிட்ராக் என்று அடையாளம் கண்டிருந்தார்கள். நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த கணினி ஒன்றில்தான் அது புகுந்திருந்தது. அணுஉலையை இயக்கும் அமைப்புகள் தனி வலையமைப்பில் இருந்ததால் அங்கே போக முடியவில்லை என்று கழகம் விளக்கியது.

இந்தப் பிரித்துவைப்பைத்தான் வீட்டிலும் செய்ய வேண்டும். மீன்பிடிக்க யாருக்கு எந்த நாள், ஏரியில் எந்த இடம் என்று பாடு முறையில் ஊரே வகுத்து வைத்திருக்கிறதே, கணினிக்கும் அதுபோல ஓர் ஒழுங்கு வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒருவரிடம் மட்டும் பாஸ்வேர்டோடு இருக்கட்டும். பிள்ளைகள் படம் பார்க்கவும் பாடம் படிக்கவும் சாதாரண யூசர் கணக்கு போதும். அதில் ஒரு நிரல் புகுந்தாலும் கணினி முழுவதையும் வளைப்பது கடினமாகும். பணம் சம்பந்தப்பட்ட எதையும் பிள்ளைகளின் கணக்கில் திறக்கவே கூடாது. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை எந்த நிரல் சொன்னாலும் அணைக்காதீர்கள். செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் இணையதளத்தில் தீநிரலை நீக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

செல்போனும் கணினிதான், குப்பங்களில் அதுவே வங்கியும்கூட. பி.எம். கிசான், போக்குவரத்து அபராதச் சலான், வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள், அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்புகள், ட்ரோஜனின் இதே வேலையைச் செய்கின்றன. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிபியை வெளியே அனுப்புகின்றன. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருவதுதான் இதில் மோசம். அவர் போனும் பறிபோயிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தப்பட்ட நிவாரணம் எப்போது கணக்கில் ஏறும் என்று குடும்பமே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘நிவாரணப் பட்டியல்’ என்று ஒரு கோப்பு வந்தால் யார் திறக்கமாட்டார்கள்? அந்த நேரத்தில் ‘கவனமாக இருங்கள்’ என்பது அறிவுரையே அல்ல. நிவாரணம் பற்றி ஒருபோதும் கோப்போ லிங்க்கோ அனுப்பமாட்டோம் என்று மீன்வளத் துறை ஒவ்வொரு தடைக்காலத்துக்கு முன்பும் ஏலக்கூடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். கொடுத்த மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து, லினக்ஸ் ஏற்றித் தர ஆண்டுக்கொரு முகாம் நடத்துவதும் அரசுக்குப் பெரிய செலவல்ல.

பணம் போய்விட்டால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், இழப்பு வாடிக்கையாளர் தலையில் விழாது. அலட்சியம் என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்குத்தான். கடலுக்குப் போனவரின் மனைவி கிளையில் தனியாக நின்று இதை வாதாட முடியாது. நிரூபியுங்கள் என்று எழுத்தில் கேட்க, மீனவர் கூட்டுறவுச் சங்கமும் ஊர்ப் பஞ்சாயத்தும் அவருடன் போக வேண்டும்.