மருத்துவத்திற்கு ஐந்தாங்கூறு எதற்கு?

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்துத் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து மருந்தூட்டிப் பேணுபவன் ஒரு கூறு. நோயுற்றவன் எந்நாட்டான், எம்மொழியான், அவன் கையிலுள்ள தாள் எவ்வரசு தந்தது என்னும் ஐந்தாங்கூறு ஒன்று அப்பகுப்பில் இல்லை. வள்ளுவர் மறந்துவிட்டார் என்று கருதுவார் இரார். ஆனால், இற்றை அரசுகள் அவ்வைந்தாங்கூற்றைக் கண்டுபிடித்ததோடு அமையாமல், அதனையே முதற்கூறாகவும் ஆக்கிக்கொண்டன. வாயிலில் வந்து நிற்பவனை 'உனக்கு என்ன நோய்?' என்று கேட்குமுன் 'உன் அட்டை எங்கே?' என்று கேட்கும் உலகம் இது. அட்டையில்லாதவன் இருமினால் அது குற்றம். இருமாமலே செத்தால் அவன் எக்கணக்கிலும் வாரான்.

இக்கேள்விக்கு மிகுதியும் ஆளாகின்றவர் வீடும் நாடும் இழந்து பெயர்ந்தோரே. இவரை 'அகதி' என்பது வடசொல் வழக்கு. கதியற்றவர் என்பது அதன் பொருள். 'ஏதிலி' என்பதே தமிழ். குறளில் ஏதிலார் என்பார் அயலார். ஏதும் இல்லாதவர் என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்வாரும் இன்று உளர். இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்துமாறு அம்மக்களை ஆக்கி வைத்த பெருமை ஆட்சியாளரையே சாரும்.

இவ் ஐந்தாங்கூற்றின் வரலாற்றை அறிய வேண்டுவோர் இராமநாதபுரக் கடற்கரையில் உள்ள மண்டபத்திற்குச் செல்லலாம். 'முகாம்' என்னும் அயற்சொல் அவ்வூர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு, தொடர்வண்டி நிலையப் பலகையிலும் ஏறிவிட்டது. காப்பித் தோட்டக் காலத்தில் கங்காணிமார் பின்னே கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்த தமிழ்க் கூலிகளுள் பல்லாயிரவர் பசியாலும் கக்கல் கழிச்சலாலும் வழியிலேயே மாண்டனர். அவர் மாண்டதற்காக எவரும் மருத்துவமனை கட்டவில்லை. அவர் சுமந்து வந்த நோய் துரைமார் வாழும் நகரங்களையும் தோட்டங்களையும் தொட்டுவிடுமோ என்ற அச்சம் பிறந்தபோதுதான், இலங்கை அரசு தன் செலவில் தமிழகக் கரையிலேயே நோய்த்தடுப்பு முகாம் அமைத்தது. தோட்டத்திற்குச் செல்வோர் அங்கே சில நாள் அடைத்து வைக்கப்பட்டனர். அம்மைக்கு ஊசி குத்தப்பட்டனர். நோயில்லை என்று கண்ட பின்னரே படகேற்றப்பட்டனர். ஊசி நல்லதே; அதில் ஐயமில்லை. ஆனால் அம்மருத்துவம் யார் பொருட்டு? கூலியின் உயிர் பொருட்டன்று. தோட்டத்தின் வருவாய் பொருட்டு. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு மிகச் சிறிதே.

தோட்டம் சென்று சேர்ந்தபின் நிலைமை என்ன ஆயிற்று? 1912-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் போன்றவை, தொழிலாளர்க்கு மருந்து தருவது தோட்ட உரிமையாளர் பொறுப்பு என்றன. மருந்து தோட்டத்தைச் சார்ந்தது. எனவே நோயும் துரையின் ஆணைக்குட்பட்டது. காய்ச்சலோடு கிடந்தவளுக்கு அன்றைக்குப் 'பேர்' விழாது. பேர் விழாவிடின் கூலியில்லை. நோயைவிடப் பேர் விழாமையே பெரிதென்று கருதிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர் தொகையை எந்நூலும் குறித்து வைக்கவில்லை.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ ஏழு இலக்கம் மலையகத் தமிழர் ஒரே அடியில் நாடற்றவராயினர். 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டுக்கொண்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்து ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டனர். எந்த மந்தைக்காரனும் தன் ஆடுகளை இத்துணை எளிதில் பிரித்தானல்லன். இலங்கை தன் குடிகட்குக் கட்டணமில்லா மருத்துவம் வழங்கி உலகோர் பாராட்டைப் பெற்றது, அப்பாராட்டு நியாயமானதே. ஆயின், தேயிலை விற்று அந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய தோட்டத் தமிழரின் குழந்தைகளோ, பல பத்தாண்டுகள் நாட்டின் பொது அளவைவிட மிகுதியாகச் செத்துக்கொண்டிருந்தன. தோட்ட மருத்துவமனை நாட்டு மருத்துவ அமைப்பிற்குப் புறம்பாகவே நெடுங்காலம் கிடந்தது. நாடற்ற நிலை முற்றும் நீங்கியது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே.

இன்னொன்றும் இங்கே குறிக்கத்தக்கது. வலிக்கும் மொழி உண்டு. குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, பிசைகிறது, இழுத்துப் பிடிக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று தமிழ்த்தாய் ஒருத்தி சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு நோய்க்கு அடையாளம். அவற்றையெல்லாம் சிங்களம் மட்டும் அறிந்த மருத்துவர்முன் கையாற் காட்ட நேர்ந்தால், ஆறு வலியும் ஒரே வலியாகிவிடும். 1956-ஆம் ஆண்டுச் சிங்கள மட்டும் சட்டத்தின் கொடுமையை அரசு அலுவல்களோடு நிறுத்திப் பேசுவது வழக்கம். அது நோயாளியின் வாய்க்குள்ளும் நுழைந்தது என்பதைப் பேசுவோர் குறைவு. 1987-இல் தமிழும் ஆட்சிமொழியென்று அரசமைப்பில் எழுதப்பட்டது. எழுதியது மருந்துச் சீட்டு வரை வந்து சேரவில்லை.

போர்க்காலத்தில் மருந்து படைக்கலமாகவே மாறியது. 1990 முதல் வடக்கிற்கு விதித்த பொருளியல் தடையில் மருந்துப் பொருள்களும் அகப்பட்டன. 2009-இல் வன்னி மக்கள் ஊர் ஊராகத் துரத்தப்பட்டபோது அவர்களோடு மருத்துவமனையும் பெயர்ந்தது. பள்ளிக்கூடம் மருத்துவமனையாயிற்று, பிறகு மரநிழல் மருத்துவமனையாயிற்று. அவ்விடங்கள் மீண்டும் மீண்டும் எறிகணை வீச்சுக்கு ஆளாயின என்று 2011-இல் வெளிவந்த ஐ.நா. வல்லுநர் குழுவின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டு பிப்ரவரி தொடங்கி மே வரை செஞ்சிலுவைக் குழு காயம்பட்டோரும் அவர் துணைவருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே மீட்டது. எஞ்சியோர் போர் முடிந்தபின் வவுனியா முள்வேலிக்குள் அடைபட்டனர். இரண்டரை இலக்கத்திற்கு மேற்பட்டோர். வேலிக்கு அப்பாலுள்ள மருத்துவமனைக்குச் செல்லப் படையினரின் இசைவு வேண்டியிருந்தது. மருத்துவத்தின் ஐந்தாங்கூறு அங்கே துமுக்கியோடு நின்றது.

இனித் தமிழகத்தின் நிலை. 1983 முதல் அலையலையாக வந்த ஈழத்தமிழரை ஏற்றது தமிழகம். கூலிகளை அனுப்பிய அதே மண்டபம், ஏதிலியரை வரவேற்கும் வாயிலாயிற்று. 2021-இல் அரசு தந்த கணக்கின்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும், முகாம்களுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் வாழ்ந்தனர். அரசு மருத்துவமனைகளின் கதவு இவர்க்கு அடைக்கப்படவில்லை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் முகாம்வாழ் ஈழத்தமிழர்க்கு வருமான வரம்பையும் தளர்த்தியது. இந்தியாவின் பிற மாநிலங்களில் கிடக்கும் ஏதிலியர் பலருக்கு எட்டாத நன்மை இது. தமிழக மருத்துவரும் செவிலியரும் இதில் பெருமை கொள்ளலாம்.

ஆயினும் பெருமையோடு முடித்துக்கொள்ள முடியவில்லை. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறை படுத்துறங்கினால் எந்நோய்தான் வாராது? ஒழுகும் கூரைக்கும் அடைந்த சாக்கடைக்கும் காப்பீட்டு அட்டை மருந்தாகுமா? 2021-இல் 7,469 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்ததும், 'ஏதிலியர் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என மாற்றியதும் நன்றே. ஆனால் பெயர் மாறிய பின்னும் தலைக்கணக்கெடுப்பு மாறவில்லை. கணக்கெடுக்கும் நாளில் இல்லாதவர் கரணியங் கூறியாக வேண்டும். காயத்தைக் கட்டத் துணியுண்டு. குண்டுவீச்சையும் உறவினர் சாவையும் கண்ணாற் கண்டவர், நாற்பதாண்டாக எந்நாட்டுக் குடியும் ஆகாதவர், இவர் உள்ளத்தில் ஊறிக்கிடக்கும் நோய்க்கு எந்தத் துணியால் கட்டுவது? நாளை தன்னை எங்கே அனுப்புவார்களோ என்றஞ்சி உறங்காதவனுக்கு உறக்க மாத்திரை கொடுப்பது மருத்துவமன்று. அவன் கேட்கும் மருந்து குடியுரிமை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைப் பெயர் சொல்லிக் குறித்தது. அவற்றுள் இலங்கை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பார்க்கு விடை தெளிவாகவே உள்ளது. 1951-ஆம் ஆண்டின் ஏதிலியர் ஒப்பந்தத்தில் இந்தியா கையொப்பமிடவில்லை; அது உண்மை. ஆனால் இந்திய அரசமைப்பின் 21-ஆம் பிரிவு, உயிர் வாழும் உரிமையைக் குடிமக்களுக்கு என்று வரையறுக்கவில்லை. எவருக்கும் என்றே சொல்கிறது. வழிவிபத்தில் அடிபட்டவனை ஏற்க மறுத்து வேறிடத்திற்கு அனுப்பியதால் அவன் மாண்ட செய்தி வழக்கானபோது, உயிர் காப்பதே மருத்துவர் எவர்க்கும் முதற்கடன் என்று 1989-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. குடியல்லாதார் உயிரையும் அரசு காத்தாக வேண்டும் என்று 1996-இல் சக்மா மக்கள் வழக்கில் அதே மன்றம் உரைத்தது. ஆக, மருந்து கேட்பவன் இரப்பவன் அல்லன்.

இவ்வளவும் படித்துத் தலையசைக்கும் தமிழன்பர் சிலர்க்கு அடுத்து வருவது கசக்கலாம். திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களிலும், கோவை வார்ப்படச் சாலைகளிலும், சென்னையில் எழும்பும் மாடிக்கட்டடங்களிலும் உழைப்பவர் பலர் ஒடிய நாட்டார், பீகாரார், வங்காளத்தார், அசாமியர். இவர் வரவால் தமிழர்தம் வேலையும் கூலியும் குறைகின்றன என்னும் கவலை தமிழியக்கத்தார்க்கு உண்டு. அது வெறுங்கவலையன்று. அதனை வழக்காட வேண்டிய இடங்கள் கோட்டையும் தில்லியும், குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் முதலாளியின் அலுவலகமும் ஆகும். கை நசுங்கிக் குருதி வழிய ஒருவன் வந்து நிற்கும் மருத்துவமனை வாயில் அவ்வழக்கிற்கு இடமன்று. 2014-இல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். இடிபாட்டின் அடியில் தமிழரும் தெலுங்கரும் ஒடியரும் ஒன்றாகவே கிடந்தனர்.

மாநிலம் விட்டு மாநிலம் வந்த தொழிலாளர்க்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்விப்பது ஒப்பந்தக்காரர் கடன் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஐந்து பேரை வைத்திருப்பவனுக்கும் அது பொருந்தியது. அச்சட்டத்தை 2020-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுப்பில் கரைத்தபோது ஐந்து பத்தாயிற்று. ஒன்பது பேரை வைத்திருப்பவன் இனி நிம்மதியாக உறங்கலாம். தமிழகக் காப்பீட்டுத் திட்டத்தில் பிற மாநிலத்தார்க்கும் இடமுண்டு. ஆனால் ஆறு திங்களுக்கு மேல் இங்கு வாழ்ந்தமைக்கு உரிய அலுவலரின் சான்று வேண்டும். உருகிய இரும்பு ஆறு திங்கள் முடியட்டும் என்று காத்திருந்து தெறிப்பதில்லை.

இவர்க்கு மருந்து மறுத்தால் நோய் நமக்கும் பரவும் என்று வாதிடுவோர் உளர். வாதம் பொய்யன்று. என்புருக்கி நோய்க்கு ஆறு திங்கள் இடைவிடாது மருந்துண்ண வேண்டும். வேலை முடிந்ததென்று ஊர் விட்டு ஊர் துரத்தப்படுபவன் இடையில் நிறுத்துவான். நிறுத்தினால் மருந்துக்கு மசியாத நோய் உருவாகும். எனினும், இவ்வொரு கரணியத்தையே சொல்லிக்கொண்டிருப்பவர் மண்டபத்தில் தடுப்பு முகாம் கட்டிய துரைமாரின் வழியில்தான் நிற்கின்றனர். துரை தமிழனைப் பார்த்த கண்ணால் தமிழன் ஒடியனைப் பார்க்கலாமா?

மொழிக்கு வருவோம், தூய தமிழ் விழைவோர் இதில்தான் முந்தி நிற்க வேண்டும். வடக்கிலிருந்து வந்தவர் எல்லாரும் இந்திக்காரர் என்று ஒரே பெயரால் குறிப்பது, தில்லியின் பொய்யைத் தமிழன் தன் வாயால் பரப்புவதாகும். ஒடியனின் தாய்மொழி ஒடியம். சந்தாலி பேசும் பழங்குடியினர்க்கு இந்தி தமிழைப்போலவே அயன்மொழி. கோவை மருத்துவமனையில் ஓர் ஒடியப் பெண்ணிடம் செவிலி நான்கு இந்திச் சொல்லை வைத்துப் பேச முயன்றால், அங்கே இந்தித் திணிப்பு இருமுறை நிகழ்கிறது. செவிலி மேல் ஒன்று, நோயாளி மேல் ஒன்று. நுவரெலியாவில் தமிழ்த்தாய் கையாற் காட்டிய அதே வலியை அவளும் கையாற் காட்டுகிறாள். அறுவைக்கு முன் அவள் கைந்நாட்டு வைக்கும் தாள் அவள் மொழியில் இருத்தல் வேண்டும். மருந்தை எப்போது எவ்வளவு உண்பது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர், அத்தொழிலாளர் செறிந்துள்ள மாவட்டங்களிலேனும் அரசு மருத்துவமனையில் அமர்த்தப்படல் வேண்டும். இதனைத் தமிழக அரசு செய்ய வேண்டும். செய்யுமாறு தமிழியக்கங்கள் கேட்க வேண்டும். தமிழ் ஆட்சிமொழியாயிருப்பதற்கு இதனால் ஓர் இடையூறும் இல்லை.

2022-இல் இலங்கை பொருளியலில் நொடித்து, அரிசியும் மருந்தும் கிட்டாத நிலையில், மீண்டும் படகுகள் இராமேசுவரக் கரைக்கு வந்தன. வந்தோர் மண்டபத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். அவ்வாண்டில் ஒருநாள், முதியோர் இருவர் தனுக்கோடிப் பக்கக் கடற்கரை மணலில் மயங்கிக் கிடக்கக் கண்ட காவலர் அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். அம்மூதாட்டி மருத்துவமனையில் உயிர்நீத்தார். அன்று அக்கடற்கரையில் எவரும் அட்டை கேட்கவில்லை. ஆனால், அவரோடு அவ்வாண்டு வந்தோரை ஏதிலியரென்று பதிவு செய்ய நடுவணரசு முன்வரவில்லை. 2025-இல் அது பிறப்பித்த அயலார் விலக்காணை, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற ஈழத்தமிழரோடு நின்றுவிட்டது. அந்நாளுக்குப் பின் வந்தோர்க்கும் அவ்விலக்கை நீட்டுவதற்கு ஒரு வரித் திருத்தமே வேண்டும். தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதனைக் கேட்டுப் பெறுவார்களாக.