புலி வரலைன்னா காசு வாபஸா?

முதுமலை போய்வந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "புலி தெரியல மச்சி, காசு வேஸ்ட்." நான் பி.காம். படிக்கிறவன். காசு கொடுத்தால் சரக்கு கைக்கு வரணும் என்பதுதான் எங்கள் பாடமே. ஆனாலும் அந்தக் கணக்கு காட்டில் செல்லாது என்பது என் கட்சி.

வனத்துறை வண்டிக்கு நாம் வாங்கும் டிக்கெட், அடுத்தவர் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் போய்வர அனுமதி, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாசலில் வந்து போஸ் கொடுக்கணும் என்று அதில் எழுதியில்லை. முதுமலையை 1940-ல் சரணாலயமாகவும் 2007-ல் புலிகள் காப்பகமாகவும் அறிவித்தது நமக்குக் காட்சி நடத்துவதற்காக இல்லை.

"எப்படியாவது மிருகத்தைப் பார்த்தே ஆகணும்" என்கிற இந்த ஆசையை வைத்துத்தான் மசினகுடி பக்கம் ராத்திரியில் திருட்டு ஜீப் சவாரி நடக்கிறது. சட்டப்படி குற்றம். ஆனால் டிமாண்ட் இருந்தால் சப்ளை வரும், முதல் வருஷப் பாடம். ரிசார்ட்களும் அப்படி முளைத்தவைதான். மசினகுடி இருக்கும் சீகூர் பகுதி யானைகள் காலங்காலமாகப் போய்வரும் வழி. அந்த வழித்தடம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பு சொன்னது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானை செத்துப்போனது. விடுதிப் பக்கம் வந்த அதன் மேல் எரிகிற டயரை வீசியிருந்தார்கள். தலையில் தீயோடு அது ஓடும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது மாதிரி அறைகளுக்கு வாடகை கொடுப்பது யார்? நாம்தான்.

அப்போ யாருமே போகக் கூடாதா என்று கேட்காதீங்க. கட்டாயம் போகணும். பக்கத்துப் பந்திப்பூர் சாலையில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிக் குரல் வந்துகொண்டேதான் இருக்கிறது. சாலை ஓரத்தில் குட்டியோடு நிற்கும் யானையை ஒரு தடவை பார்த்தவனுக்குத்தான் அந்தத் தடை ஏன் வேணும் என்று புரியும்.

அதனால் போங்க. காட்டுமாடு, புள்ளிமான், கிளைக்குக் கிளை தாவும் மலை அணில் எல்லாம் உண்டு. புலி முகம் காட்டாவிட்டால் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு ராகிக் களியும் சோறும் உருண்டை பிடித்து ஊட்டுவதைப் பாருங்க (2023-ல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படம் எடுத்த இடம்). காருக்குள் சத்தமாகப் பாட்டு போடும் நண்பனை மட்டும் ஊட்டியிலேயே இறக்கி விட்டுடுங்க :-)