சுகர், பிபி: 'நானே பார்த்துக்கிறேன்' சரியா? எது நம் கையில், எது டாக்டர் கையில்?

காலையில் வெந்தயத் தண்ணீர், மதியம் கம்பங்கூழ், சாயங்காலம் மொட்டை மாடியில் நடை, கையில் ஸ்மார்ட் வாட்ச். தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்ளும் ஆர்வம் பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால், கூடவே இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: "இவ்வளவும் செய்றோம்ல, அப்புறம் மாத்திரை எதுக்கு?" சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சுய கவனிப்பு என்றால் என்ன?

நோய் வராமல் தடுப்பது, வந்தால் சமாளிப்பது, ஆரோக்கியத்தைக் காப்பது ஆகியவற்றை மருத்துவப் பணியாளரின் உதவியோடோ, உதவி இல்லாமலோ மக்களே செய்துகொள்வதுதான் சுய கவனிப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்காக 2019-ல் தனி வழிகாட்டுதலையே வெளியிட்டது. டாக்டரே வேண்டாம் என்பது இதன் அர்த்தம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரியும். மாதம் ஒருமுறை 10 நிமிடம் டாக்டரைப் பார்த்தால் ஆண்டுக்கு மொத்தம் 2 மணி நேரம். மீதி 8,758 மணி நேரமும் நோயாளியின் பொறுப்புதான்.

உணவு, நடைப்பயிற்சியால் பலன் உண்டா?

நிச்சயம் உண்டு. அதற்கு ஆதாரம் சென்னையிலேயே இருக்கிறது. சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரைச் சென்னை மருத்துவர்கள் 3 ஆண்டுகள் கண்காணித்தார்கள். முடிவுகள் 2006-ல் வெளியாகின. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55% பேருக்கு சுகர் வந்தது. உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது சுமார் 39%. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பலன்தான்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. இவர்கள் யாருக்கும் அப்போது சுகர் வந்திருக்கவில்லை. உணவு, உடற்பயிற்சிக் குழுவில் இருந்தும் 100-ல் 39 பேருக்கு வந்துவிட்டது. அதனால் சுகர் வந்தவரைப் பார்த்து 'ஒழுங்கா நடந்திருந்தா வந்திருக்காது' என்று பழி சொல்வதும் நியாயமில்லை.

அப்போ மாத்திரையை நிறுத்தலாமா?

தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, பிபி உள்ளவர்களில் 7.3% பேருக்கும், சுகர் உள்ளவர்களில் 10.8% பேருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. பலருக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களிலும் பலர் சிகிச்சையைத் தொடரவில்லை.

பிபி பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. 'தலை சுத்தல, மயக்கம் வரல, நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்துவார்கள். நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். நிறுத்தினால் பாதிப்பு ஒரே நாளில் தெரியாது. ஆனால் மூளை, இதயம், சிறுநீரகம், கண் என்று மெல்ல மெல்லக் கைவைக்கும். டைப் 1 சுகர் உள்ளவர்கள் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

அதேநேரம், மாத்திரை எல்லோருக்கும் ஆயுள் முழுக்க என்றும் இல்லை. பிரிட்டனில் 2017-ல் வெளியான டைரக்ட் ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த டைப் 2 நோயாளிகளில் 46% பேருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்கள் நோய் கண்டறியப்பட்டு 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவக் கண்காணிப்பில்தான்.

நம் கையில் இருப்பவை

* உப்பு: ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தின்பண்டம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ். இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம் உண்டு.
* நடை: வாரம் குறைந்தது 150 நிமிடம், கொஞ்சம் வேகமாக.
* வீட்டில் பிபி பார்ப்பது: அதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, இரண்டு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் கையில் இருப்பவை

மாத்திரையின் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டரின் முடிவு. கஷாயம், லேகியம் எடுத்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு சேர்ந்து சுகர் ரொம்பவும் இறங்கிவிட வாய்ப்புண்டு. 'சுகரை வேரோடு குணமாக்கும்' என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். சுகருக்கும் பிபிக்கும் அப்படி மருந்து விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

முகம் ஒருபக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், உடனே 108.

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிபி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால், அதை நிறுத்துவதற்கு முன் குறித்துவைத்த ரீடிங் நோட்டோடு டாக்டரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "உப்பைக் குறைச்சிருக்கேன், தினமும் நடக்கிறேன். டோஸைக் குறைக்க முடியுமா?"