கார்டுக்கு லட்சம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மிச்சம்

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், முள் விரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஒரு பழத்துக்கு அத்தனை சோதனை! அதே ஆள் லட்ச ரூபாய் கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது, அதற்குக் கரண்ட் கொடுக்கப்போகிற எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்துவிட்டு எடுத்து வந்துவிடுகிறார். சிலர் அதுகூட இல்லை, கேபினெட்டோடு வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கோளாறு பட்ஜெட்டில் ஆரம்பிக்கிறது. முதலில் கார்டு, அப்புறம் பிராசசர், மானிட்டர், கலர் கலராக எரிகிற ஃபேன். கடைசியில் கையில் மிஞ்சுவது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. அது போகும்போது சில சமயம் கார்டையும் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். எரிந்த தடயம் இருந்தால் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. முந்திரி விற்ற காசில் அப்பா வாங்கிக் கொடுத்தது என்றால் வீட்டில் எப்படிச் சொல்வது?

2022-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 தனியாக 450 வாட்ஸ் இழுக்கும். 2025-ல் வந்த 5090-க்கு 575. வீட்டு மிக்சி 750 வாட்ஸ்தானே என்று தோன்றலாம். மிக்சி ஐந்து நிமிஷம் சட்னி அரைத்துவிட்டு ஓய்ந்துவிடும், கேம் ஆடுகிறவர் நாலு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். மொத்தக் கணினிக்கும் சேர்த்து 4090-க்கு 850 வாட்ஸ், 5090-க்கு 1000 வாட்ஸ் என்று என்விடியாவே சொல்கிறது.

ஆனால் பெட்டியில் 850 என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் 12 வோல்ட் கட்டம். கார்டு பெரும்பாலும் அதிலிருந்துதான் இழுக்கிறது. 450 வாட்ஸ் என்று பெரிதாகப் போட்ட ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் என்று இருந்தால், பெருக்கினால் 216 வாட்ஸ்தான். 450 வாட்ஸ் கார்டுக்கு மட்டுமே 37.5 ஆம்பியர் வேண்டும்! 2004-ல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரையையும் பலர் தரச்சான்று என்று நினைக்கிறார்கள். எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதற்கான முத்திரை அது. ஷார்ட் ஆனால் அணைந்து கார்டைக் காப்பாற்றுமா என்பதை அது சொல்லாது. இந்தக் கார்டுகள் கண நேரத்துக்கு இரண்டு மடங்குகூட இழுக்கும் என்பதால், அதைத் தாங்குவதற்கென்றே 2022-ல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதிமுறை வந்தது. பெரிய கார்டு வாங்குகிறவர் கடையில் அதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்று இந்த ஊர் சமாசாரம். பக்கத்து நெய்வேலியில் 1962-லிருந்து மின்சாரம் தயாராகிறது. அதற்காக பண்ருட்டிக்குத் தனிச் சலுகை கிடையாது, எல்லாம் கிரிட்டுக்குப் போய்த்தான் வருகிறது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது இருட்டில் கிடந்த ஊர் இது. ஆகவே யூபிஎஸ் வேண்டும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட்ஸ்தான் தாங்கும், 450 வாட்ஸ் கார்டு ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். தவிர, நல்ல எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சிக்கு மலிவு யூபிஎஸ்ஸின் சதுர அலை சில சமயம் ஒத்துக்கொள்ளாது. சைன் வேவ் யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

செலவு அதிகம் என்பார்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்குப் பத்து வருஷ வாரண்டிகூட உண்டு, கார்டுக்குப் பெரும்பாலும் மூன்று வருஷம். 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,200. இரண்டு மூன்று கார்டு மாறினாலும் அது அப்படியே இருக்கும்.

அப்படியும் பணம் போதாதவர் கார்டில் இறங்கட்டும். ஆர்டிஎக்ஸ் 4070 போன்ற கார்டு 200 வாட்ஸ்தான், 650 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் போதும். இல்லை, 4090-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர், நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கும்வரை கார்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம். ஒரு மாசம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான் :)