மறுபடி சொல்பவரும் ஆசிரியரே

நாட்டுப்புறக் கதைகளைக் குழந்தைகளுக்காக மறுபடி எழுதுபவரை ஆசிரியர் என்று ஒப்புக்கொள்வதில் நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு. கதை ஊருக்குச் சொந்தம். இவர் அதை எழுதிவைத்தார், அவ்வளவுதானே என்பது அத்தயக்கத்தின் சாரம். ஸ்காட்லாந்துக் கதைகளை எழுதிய சோர்ஹா நிக் லியோடாஸை முன்வைத்து இக்கருத்தை மறுக்க விரும்புகிறோம்.

அது புனைபெயர். இயற்பெயர் லெக்ளேர் ஆல்ஜர் (1898–1969). ஸ்காட்டிஷ் வம்சாவளிக் குடும்பம். ஆனால் பிறந்தது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். 'லூயியின் மகள் கிளேர்' என்பதே அக்கேலிக் மொழிப் பெயரின் பொருள். இப்பெயரில் முதல் தொகுப்பு 1960இல், அவர் அறுபதைக் கடந்தபின் வெளிவந்தது.

அமெரிக்காவில் பிறந்தவருக்கு ஸ்காட்லாந்துக் கதையில் என்ன உரிமை என்று கேட்கலாம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மலைநாட்டு மக்களில் பலர் கடல் கடந்தனர். அவர்களோடு கதைகளும் சென்றன. கேட்டு வளர்ந்தவருக்குக் கதையில் உரிமை உண்டு. பிறந்த மண் அதற்கு நிபந்தனையாகாது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்றுண்டு. ஜான் பிரான்சிஸ் கேம்ப்பெல் 1860 முதல் 1862 வரை வெளியிட்ட மேற்கு மலைநாட்டுக் கதைகளின் நான்கு தொகுதிகளில் கேலிக் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. கதையைச் சொன்னவர் யார், எந்த ஊர், என்ன தொழில் என்ற குறிப்புகளும் உண்டு. இன்வரேரிக்கு அருகில் வாழ்ந்த ஜான் மெக்கென்ஸி என்ற மீனவரின் பெயர் அதனால்தான் இன்றும் நிலைத்திருக்கிறது. குடும்ப நினைவிலிருந்து வந்த கதைகளை அவ்வாறு சரிபார்க்க இயலாது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் எச்சரிக்கை கொள்வது நியாயமே.

எனினும் ஆவணத்துக்குரிய அளவுகோலால் இலக்கியத்தை அளப்பது முறையன்று. கேம்ப்பெல்லின் தொகுதிகளை எட்டு வயதுக் குழந்தை எடுத்துப் படிக்காது. குழந்தையின் காதுக்குக் கதை போய்ச்சேர ஒரு குரல் வேண்டும். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை மூன்று முறை திரும்பச் சொல்வது, எந்த வட்டாரச் சொல்லை மாற்றாமல் விடுவது என்பதையெல்லாம் மூலக்கதை முடிவு செய்து தருவதில்லை. எழுதுபவரே முடிவு செய்கிறார். இதுவே ஆசிரியத்துவம் என்பது நம் துணிபு. 1962இல் வந்த 'திசில் அண்ட் தைம்' தொகுப்பில் கதைகள் வந்த வழியையும் முன்னுரையில் எடுத்துரைத்தார் அவர். அந்நூலுக்கு மறு ஆண்டு நியூபெரி விருதின் சிறப்பு மதிப்பு கிட்டியது. மரபுக்கதையைத் தம் சொந்தச் சொற்களில் கூறுவதையும் சுயபடைப்பாக ஏற்கும் விருது அது.

'ஆல்வேஸ் ரூம் ஃபார் ஒன் மோர்' (1965) ஒரு பழைய ஸ்காட்டிஷ் பாட்டிலிருந்து பிறந்தது. மனைவி, பத்துப் பிள்ளைகளோடு சிறு வீட்டில் வாழும் லாக்கி, புயலில் வந்தவரையெல்லாம் உள்ளே அழைக்கிறான். வீடு தாங்காமல் இடிகிறது. விருந்தினரே கூடி முன்னிலும் பெரிய வீட்டைக் கட்டித் தருகின்றனர். ஸ்காட்டிஷ் சொற்களை நீக்காமல், பொருள் விளக்கப் பட்டியலோடு அவர் தந்தார். 1966இல் அதற்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது. அது ஓவியருக்குரிய பதக்கம். நானி ஹொக்ரோகியன் பெற்றது முற்றிலும் பொருத்தம். பாட்டும் பழையது, பரிசும் ஓவியத்துக்கு என்றால் நடுவில் நின்று சொற்களைத் தேர்ந்தவர் வாசகர் கண்ணில் படாமல் போவது எளிது.

ஆகவே நாம் கேட்பவை இரண்டு. மறுபடி சொல்பவர், கதையை எங்கிருந்து பெற்றார் என்பதை நூலில் எழுதவேண்டும். பதிப்பாளர் அவர் பெயரை 'தொகுப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிக்காமல், ஆசிரியர் என்றே அட்டையில் அச்சிடவேண்டும். முதலாவதைச் செய்தவருக்கு இரண்டாவதை மறுப்பது அநீதி.